தடை எங்கே, திட்டம் அங்கே

ஒரு தொழிற்சாலையிலிருந்து மாதம் எத்தனை வண்டி வெளியே போகும் என்பது ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தால் தெரியாது. அங்குள்ள மிக மெதுவான இயந்திரமோ, வந்து சேராத ஓர் உதிரிபாகமோதான் அந்தக் கணக்கை முடிவு செய்கிறது. திருவொற்றியூரில் 1950களின் நடுவிலிருந்து புல்லட் தயாரித்துவந்த ராயல் என்ஃபீல்டு 2010இல் விற்றது ஐம்பதாயிரத்துச் சொச்சம் வண்டிகள். கிளாசிக் மாடலுக்குக் கிராக்கி கூடியதும் பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அன்றைய தடை ஆலையின் கொள்ளளவு. 2013இல் ஒரகடம் ஆலை இயங்கத் தொடங்கியது. 2014இல் விற்பனை 3 லட்சத்தைத் தொட்டது. 2021இல் ஆலையும் இருந்தது, ஆர்டரும் இருந்தது, சிப் கிடைக்கவில்லை. நிறுவனம் ஒன்றுதான். தடை மட்டும் பட்டறையிலிருந்து ஸ்டோர்ஸுக்கு இடம் மாறிவிட்டது.

திட்டமிடுபவரின் முதல் வேலை இந்த இடமாற்றத்தைக் கவனிப்பது. ஆனால் நாம் பழகிய எம்.ஆர்.பி. முறை (கடை விலை அல்ல, ஜோசப் ஆர்லிக்கி 1975இல் நூலாக்கிய மூலப்பொருள் தேவைக் கணக்கு) எந்தப் பாகம் எப்போது வேண்டும் என்று சொல்லுமே தவிர, அதைச் செய்ய இயந்திரத்துக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்காது. மேலாண்மை எழுத்தாளர் கோல்ட்ராட் 1984இல் ‘தி கோல்’ நூலில் அந்தக் கேள்வியைத்தான் முன்னே கொண்டுவந்தார். ஓர் உதாரணக் கணக்கு: கியர் பட்டறையில் ஒரே ஒரு ஃபர்னஸ். முதல் கியரில் லாபம் 600 ரூபாய், அது ஃபர்னஸில் எடுப்பது 10 நிமிடம். இரண்டாவதில் 400 ரூபாய், 5 நிமிடம். விலைப்பட்டியலைப் பார்த்தால் முதலாவதுதான் லாபகரம். ஃபர்னஸின் ஒரு நிமிடத்துக்கு என்று பார்த்தால் 60 ரூபாய்க்கு எதிராக 80 ரூபாய். அரிதான சிப்புக்கும் இதே கணக்குத்தான்: ஒரு சிப்புக்கு எவ்வளவு லாபம் என்று பார்க்க வேண்டும்.

கூடுதலாக ஸ்டாக் வைத்தால் போதாதா என்பார்கள். தடையின் வாசலில் வைத்தால் போதும். எல்லா இடத்திலும் வைத்தால் பணம் முடங்கும், தேவைப்படும் பாகம் மட்டும் அப்போதும் இருக்காது. பெரிய கம்பெனி ஷெட்யூலை மாற்றிக்கொண்டே இருந்தால் பத்துப் பேர் பட்டறை என்ன திட்டம் போடுவது என்பது நியாயமான கேள்வி. மாற்றத்தைத் தடுக்க முடியாதுதான். ஆனால் ஃபர்னஸ் விழுங்கும் வேகத்துக்கு மேல் கியருக்கான கம்பியை வெட்டாமல் இருப்பது பட்டறையின் கையில் இருக்கிறது. வெட்டிக் குவித்த சரக்கு ஷெட்யூல் மாறும்போது குப்பையாகும். வெட்டாத கம்பியை வேறு ஆர்டருக்குத் திருப்பலாம். நெடுநாள் வாடிக்கையாளருக்காகக் குறைந்த லாபத்தை ஏற்பதும் தவறில்லை, அதன் விலை என்னவென்று தெரிந்து ஏற்றால்.

ஆகவே திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஆர்டர் பட்டியலைப் பிரிக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த வாரம் நம்மைத் தடுப்பது எது? அதன் பெயரைப் பலகையில் முதல் வரியாக எழுதிவிட்டுத் திட்டத்தைத் தொடங்குங்கள்.