இடக்கைக்கு வேலை

5.3.2018, திங்கள்

வயிறு எரிகிறது. நான் எழுதிக் கொடுத்த பத்திர வரைவில் 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்றுதான் இருக்கிறது. அடித்துக் கொடுத்த தாளில் 'வடக்கு'. ஒரே சொல்தான். மூன்று மா நஞ்சை வாய்க்காலைத் தாண்டிப் போய்விட்டது. நான் ஊரில் இல்லாத அன்று அடித்து, அன்றே பதிந்தும் இருக்கிறார்கள். இனிப் பிழைத்திருத்தல் பத்திரம். விற்றவர் திருப்பூரில். வாங்கியவர் என் முகத்தைத்தான் பார்த்தார்.

போன மாதத்திலிருந்து எல்லா விவரமும் ஆன்லைனில் ஏற்றணும். அதற்கும் யாரையாவது கெஞ்சணும்.

நானே அடிக்கணும்.

6.3.2018, செவ்வாய்

ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் கேட்டேன். "ஏழு மணிக்கு மேல வாங்க ஐயா, கூட்டம் இருக்காது" என்றது. எவ்வளவு தரணும் என்றேன். பதில் இல்லை. சிரிப்பு.

இன்று மவுஸ். அம்பு எங்கே போகிறது என்றே பிடிபடவில்லை. ஒரே இடத்தில் இரண்டு தட்டுத் தட்டணுமாம். இரண்டாவது தட்டுக்குள் கை நகர்ந்துவிடுகிறது. "மணிக்கட்ட மேஜையில ஊனிக்குங்க ஐயா. விரல் மட்டும் அசையட்டும்." ஊனிக்கொண்டேன். திறந்தது.

வீட்டில் சொல்லவில்லை. கற்றுக்கொண்ட பிறகு சொல்லலாம்.

7.3.2018, புதன்

விசைகளில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆல்ட்டையும் ஒன்றையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கு மாறுகிறது. என்.எச்.எம். ரைட்டர் என்று ஒன்று போட்டுவைத்திருக்கிறது அந்தப் பெண். தமிழ் 99 விசைப்பலகை.

உயிரெழுத்து அத்தனையும் இடக்கைப் பக்கம். க, ச, ட, த, ப எல்லாம் வலக்கை. வ, ங மட்டும் இந்தப் பக்கம்.

என் இடக்கை இத்தனை வருஷமும் தாள் நகராமல் பிடித்துக்கொண்டிருந்ததோடு சரி. இன்றைக்கு அதற்கு அ, ஆ, இ, ஈ. சுண்டுவிரலுக்கு அ. அந்த விரலில் பலமே இல்லை. அழுத்தி அழுத்தி முழங்கை வரை வலி.

8.3.2018, வியாழன்

போகவில்லை. கழுத்து.

கண்ணாடியின் கீழ்ப்பாதியில்தான் எழுத்து தெரியும். திரைக்குத் தலையைத் தூக்கணும், விசைக்குக் குனியணும். தூக்கு, குனி, தூக்கு, குனி. இந்த வயதில் எதற்கு? இருக்கிற பேனா போதும். எழுதிக் கொடுப்போம், அடிக்கிறவன் அடிக்கட்டும்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. போர்வைக்குள் இடக்கை அ, இ, உ என்று தட்டிக்கொண்டிருந்தது.

9.3.2018, வெள்ளி

போனேன். விசைப்பலகையைத் தாளில் வரைந்து திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இனி அவ்வளவு குனிய வேண்டாம்.

'அப்பா' அடிக்க அ, ப, ப, ஆ. முதல் ப-வுக்குப் புள்ளி தானாக விழுகிறது. 'தஞ்சாவூர்' அடித்தேன். ஞ-வுக்குப் பின்னால் ச வந்தால் அங்கேயும் புள்ளி தானாகவே. கடைசி ர்-க்கு மட்டும் நாம் வைக்கணும். ஒற்று எங்கே வரும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். மனசு நிறைந்தது. 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி முடிவு செய்த விசைப்பலகையாம். அப்போதே கற்றிருக்கலாம்.

தஞ்சாவூர், தஞ்சாவூர், தஞ்சாவூர். பக்கம் முழுக்க.

10.3.2018, சனி

கரண்ட் போனது. அரைப் பக்கம் போச்சு. சொத்து விவரம் முழுக்க அடித்திருந்தேன். திரை கறுப்பு. தலைக்குள் சூடு ஏறியது.

"கன்ட்ரோல் எஸ் ஐயா. ஒவ்வொரு வரிக்கும்."

மறுபடி அடித்தேன். முதலில் அடித்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. இருந்தாலும் கோபம் போகவில்லை. ஒவ்வொரு வரிக்கும் கன்ட்ரோல் எஸ்.

12.3.2018, திங்கள்

பகலில் கட்சிக்காரர்கள். மூன்று மா என்பார்கள். தாய்ப் பத்திரத்தில் 99 சென்ட். பட்டாவில் 0.40.0 ஹெக்டேர். மூன்றும் ஒரே வயல். கம்ப்யூட்டருக்குள் கால்குலேட்டர் இருக்கிறது. 99-ஐ 40.47-ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் 4006 சொச்சம். 40 ஏர். சரி. மனக்கணக்கோடு ஒத்துப்போனது.

இரவு 'வாய்க்காலுக்குத் தெற்கு' என்று அடித்தேன். தெற்கு. தெற்கு. நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

வீட்டில் சொல்லிவிட்டேன். "அதான் ராத்திரில மேஜையத் தட்டுறீங்களா" என்றாள்.

13.3.2018, செவ்வாய்

காப்பி, பேஸ்ட். பழைய பத்திரத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றினால் போதும், பத்து நிமிஷ வேலை என்கிறது அந்தப் பெண். எனக்குப் பயம். பழைய ஆளின் தகப்பனார் பெயர் எங்காவது ஒரு வரியில் தங்கிவிடும். பழைய சர்வே எண் தங்கிவிடும். அப்படி வந்த பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன்.

"அம்மா, எனக்கு அது வேண்டாம்மா" என்றேன். வெற்று மாதிரி ஒன்று அடிக்கப் போகிறேன். பெயர், எண், எல்லை, தொகை வரும் இடமெல்லாம் புள்ளிக்கோடு. மிச்ச வாசகம் அப்படியே. புள்ளி மிச்சமிருந்தால் கண்ணில் படும்.

அந்தப் பெண்ணுக்கும் பிடித்துப் போயிற்று. "நல்லாருக்கே ஐயா, நானும் அப்படியே வெச்சுக்கிறேன்."

15.3.2018, வியாழன்

கண் எரிச்சல். விளக்கெண்ணெய் தடவினாள்.

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' அடிக்க எவ்வளவு நேரம்! ஔ எங்கே இருக்கிறது என்று விரலுக்கு இன்னும் தெரியவில்லை. பேனாவில் இந்த வரி மூச்சு விடாமல் ஓடும். ஓடுகிறதைப் பார்க்கவே சில பேர் பக்கத்தில் வந்து நிற்பார்கள். இங்கே யார் அடித்தாலும் ஒரே எழுத்துதான். அந்த எழுத்துக்கு லதா என்று பெயர். தெளிவான எழுத்து. எனக்குப் பிடிக்கவில்லை.

16.3.2018, வெள்ளி

லதா எழுத்து பரவாயில்லை. 14 அளவில் வைத்தால் வாங்குகிற கிழவருக்கும் படிக்க வரும். என் கையெழுத்தை அப்படிப்பட்டவர்களால் படிக்க முடிந்ததில்லை.

முத்திரைத்தாளில் மேல்பகுதியை விட்டுக் கீழேதான் எழுத்து தொடங்கணும். தாள் அளவு லீகல். வெற்றுத் தாளில் அச்செடுத்து, முத்திரைத்தாள்மேல் வைத்து, வெளிச்சத்தில் பார்த்தோம். கொஞ்சம் இடித்தது. மேல் விளிம்பைக் கூட்டினோம். சரியாக உட்கார்ந்தது. இது யாரும் சொல்லித் தராமல் எனக்கே தோன்றியது.

19.3.2018, திங்கள்

கிரயப் பத்திரம். முழுக்க நான்.

நான்கு லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 28,000. பதிவுக் கட்டணம் 4 சதவீதம், 16,000. கால்குலேட்டரிலும் போட்டேன், விரல்விட்டும் போட்டேன். நான்கு மால் எல்லையும் வாய்விட்டுப் படித்தபடியே அடித்தேன். புள்ளிக்கோடு ஒன்றும் மிச்சமில்லை. கன்ட்ரோல் எஸ்.

அச்செடுத்துக் கொண்டுபோய் இரு தரப்புக்கும் வரி வரியாகப் படித்துக் காட்டினேன். விற்கிற அம்மா எல்லை வந்ததும், "ஆமா, எங்க மாமனார் இப்படித்தான் சொல்லுவாரு" என்றது. தொண்டை அடைத்தது.

அந்தப் பெண் பணம் வாங்க மாட்டேன் என்கிறது. அதன் தகப்பனார் பெயரில் ஒரு வீட்டுப் பத்திரம் எழுத வேண்டியிருக்கிறதாம். அதை நான் எழுதித் தருகிறேன்.

20.3.2018, செவ்வாய்

சுண்டுவிரல் இன்னும் வலிக்கிறது. நாற்காலி உயரம் போதவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று விலைக்கு வருகிறதாம், வியாழக்கிழமை பார்க்கணும். தான செட்டில்மென்ட்டுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கும் மாதிரி அடித்து வைக்கணும். திருப்பூர்க்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். பிழைத்திருத்தல் பத்திரத்தையும் நானே அடிக்கிறேன்.