கேட்பவரின் இடம்

லித்துவேனிய மொழியின் பேச்சுச் செயல்களை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, எந்த வாக்கியம் வந்தாலும் அதன் கருத்துக்குள் புகுமுன், சொல்பவர் யார், எவரை முன்னிறுத்திச் சொல்கிறார் என்று விசாரிப்பதே முதற் கடமையாக இருந்துவருகிறது. அன்றாட சம்பாஷணையில் வினைச்சொல்லின் விகுதியே விடை சொல்லிவிடும்: 'எய்க்' என்றால் நீ போ, 'எய்கிதெ' என்றால் போங்கள், 'எய்கிமெ' என்னும்போது சொல்பவரும் உடன் புறப்படுகிறார், 'தெகுல் எய்னா' என்றாலோ போகவேண்டியவர் மூன்றாமவர், கேட்பவர் வெறும் சாட்சி, அல்லது தூதர். இவற்றை வகைப்படுத்துவது அத்தனை சிரமமன்று.

என் சிரத்தை முழுவதும் ஒரு தேசம் தன்னைக் குறித்து வெளியிடும் பிரகடனங்களின்மேல்தான். 1918 பிப்ரவரி 16 அன்று, ஜெர்மானியப் படைகளின் வசமிருந்த வில்னியஸில் 20 பேர் கையொப்பமிட்ட சுதந்திரப் பிரகடனம், சொல்பவரை 'நாங்கள்' என்னாமல் லித்துவேனிய சபை என்று படர்க்கையில் நிறுத்துகிறது. கேட்பவர்களையோ ரஷ்யா, ஜெர்மனி, ஏனைய ராஜ்யங்கள் ஆகியவற்றின் அரசாங்கங்கள் என்று வெளிப்படையாகவே அழைக்கிறது. அழைக்கப்பட்டவர்களுள் ஒருவராகிய ஜெர்மானியரின் அதிகாரிகளோ, அதனை அச்சிட்ட பத்திரிகையைப் பறிமுதல் செய்தனர். ஆயினும் அதன் மூலப் பிரதியொன்றை 2017-இல் பேராசிரியர் லியூதஸ் மஜீலிஸ் கண்டெடுத்தது பெர்லினில், ஜெர்மானிய வெளியுறவுத் துறையின் ஆவணக் காப்பகத்தில். கேட்பவர் ஏற்க மறுத்தாலும் கேட்டார் என்பதற்கு இதைவிடத் திடமான சான்றை நான் அறியேன்.

1990 மார்ச் 11-ஆம் தேதிப் பிரகடனத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வேறு விதமாகக் கிளர்ந்தெழுகிறது. அதிலும் சொல்பவர் படர்க்கையிலேயே, தேசத்தின் சித்தத்தை வெளியிடும் உச்ச சபையாக நிற்கிறார். ஆனால் கேட்பவர் என்று எவரும் பெயர் சுட்டப்படவில்லை. 1918-இல் சபையே அரசை மீட்டெடுப்பதாகச் சொன்ன இடத்தில், இப்போது 1940-இல் அந்நிய சக்தி ஒழித்த இறைமை அதிகாரத்தின் செலுத்தம் 'மீட்கப்படுகிறது' என்று செயப்பாட்டு வினை வருகிறது. செயப்பாட்டு வினையைப் பொறுப்பிலிருந்து நழுவும் உபாயமென்று பலர் கருதுவதுண்டு. இவ்விடத்தில் அக்கருத்தை நான் முற்றும் மறுக்கிறேன். பழைய அரசு சட்டப்படி அழிந்ததே இல்லை, அதன் செலுத்தம் மட்டுமே தடைப்பட்டிருந்தது என்பது சபையின் வாதமாதலால், புதிதாய்ச் சிருஷ்டிக்கும் கர்த்தாவும் வேண்டியிருக்கவில்லை, அனுமதி அளிக்கவேண்டிய கேட்பவரும் வேண்டியிருக்கவில்லை. ஆதரவாக 124 வாக்குகள்; எதிராக ஒன்றுமில்லை; 6 பேர் வாக்களியாதிருந்தனர். மார்ச் 15 அன்று, அந்த வாக்கியத்தில் எங்கும் அழைக்கப்படாத சோவியத் மக்கள் பிரதிநிதிகள் மகாசபை, அது செல்லாதென்று மாஸ்கோவிலிருந்து பதிலிறுத்தது.