தேர்ச்சி அட்டையில் ஒரு கையெழுத்து

தேர்ச்சி அட்டை வீட்டிற்கு வருகிறது. மதிப்பெண் குறைந்திருந்தால் வசை, கூடியிருந்தால் தட்டிக்கொடுப்பு, பின் ஒரு கையெழுத்து. இத்துடன் தம் கடன் தீர்ந்ததெனப் பெற்றோர் பலர் கருதக் காண்கிறோம்.

"எழுத்தறியாத நாங்கள் பள்ளிக்கு வந்து என்ன பேசுவது?" என்பர் சிலர். எம் பாட்டியாரும் எழுத்தறியாதவரே. ஆயினும் மாலையில் விளக்கேற்றியதும் எம்மை அருகிருத்தி, அன்றைய பாடத்தை உரக்க வாசிக்கச் செய்வார். பொருள் விளங்காமல் வாசித்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்பார். "அந்த வரியை மறுபடி சொல்" என்று அவர் நிறுத்திய இடமெல்லாம் நாம் விளங்காமல் கடந்த இடமாகவே இருக்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென விதித்தது. பள்ளிக்கு வரும் அரசு நிதி எவ்வாறு செலவாகிறது என்று கவனிப்பதும் அக்குழுவின் பொறுப்பு. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க ஒரு தாய்க்குப் பட்டம் எதற்கு?

ஒருநாள் கூலியை இழந்து கூட்டத்திற்கு வருவது எளிதன்று; ஒப்புகிறோம். கணவனும் மனைவியும் முறைவைத்து வரலாமே! தாய்மாரை அனுப்பிவிட்டுத் தந்தையர் தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பது எமக்கு உடன்பாடன்று.

வந்தவர்கள் மதிப்பெண்ணைக் கேட்குமுன், பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்று கேட்பார்களாக. காலையில் பையுடன் புறப்பட்டவன் வகுப்பை அடையாத நாட்கள், சில இல்லங்களில் ஆண்டிறுதியில்தான் தெரியவருகின்றன.