கொசு உள்ளான்

பறவை பார்ப்பதற்கென்றே பிரயாணம் செய்கிறவர்களிடம் எனக்கு நெடுநாளாக ஓர் அவநம்பிக்கை உண்டு. கும்பகோணத்துக்குக் கீழண்டை வயல்வெளியில் பிறந்து, கொக்கும் மடையானும் வரப்பில் நிற்பதை அண்டை வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமானமாகவே எண்ணி வளர்ந்தவனுக்கு, அவற்றைத் தரிசிக்க விடியுமுன் எழுந்து, கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பனியில் நடுங்குவது சற்று மிகையான பக்தியாகத்தான் தோன்றும். ஆயினும் சிநேகிதர் ஒருவரின் பிடிவாதத்துக்கு இணங்கி, சென்ற மார்கழியில் கோடிக்கரைக்குப் போனேன்.

கல்கியின் நாவலைப் படித்துவிட்டு வருகிறவர்கள் அங்கே பூங்குழலியின் படகைத் தேடுவார்கள். சிநேகிதர் தேடியது பூநாரைகளை. 1967-ல் சரணாலயமாகி, 2002-ல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்ட அந்தப் பிரசித்தமான பிரதேசத்தில், அன்று காலை பூநாரைகள் வெகு தூரத்தில், பனிமூட்டத்துக்குள் ஒரு வெளிறிய ரோஜா நிறக் கோடாக மட்டுமே காட்சி தந்தன. சிநேகிதர் பரவசமானார். எனக்கோ உப்புக்காற்றில் உதடு எரிந்தது, பசியும் எடுத்தது.

எங்களுக்கு வழிகாட்ட வந்திருந்த பெரியவர், எழுபதைத் தாண்டியவர், என் முழங்கையை மெல்லத் தொட்டு, பூநாரைகளுக்கு நேர் எதிர்த் திசையில், இருபதடி தள்ளிக் கிடந்த சேற்றைக் காட்டினார். சேறுதான் நகர்கிறதென்று முதலில் நினைத்தேன். பிறகுதான், வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை சில்லறை எண்ணும் வேகத்தில், தலை நிமிராமல் சேற்றைக் கொத்திக் கொத்தி ஓடும் நூற்றுக்கணக்கான சிறு பறவைகள் கண்ணில் பட்டன.

“கொசு உள்ளானுங்க” என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் என் நாவில் ஜலம் ஊறிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். என் சிறு வயதில், பனைநாரில் கோத்த உள்ளான்களை அப்பா சந்தையிலிருந்து வாங்கி வருவார். பாட்டி மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பாள். எலும்போடு மென்று தின்போம். ஏறக்குறைய 25 கிராம் எடைதான் இருக்கும் இந்த ஜீவன், சைபீரியாவின் வடகோடியில் பனி உருகும் சதுப்பில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருகிறதென்பதை அன்று யார் அறிந்தார்? எங்கள் வயலில் நெல்லோடு விளைந்த பண்டமென்றே நினைத்திருந்தோம்.

என் முகத்தை வாசித்துவிட்டார் போலும். சிநேகிதரின் காதில் விழாதபடி, “ஐயா சாப்பிட்டிருக்கீங்களா?” என்றார்.

“சின்ன வயசுல.”

“நான் பிடிச்சு வித்திருக்கேனுங்க.”

நிலவில்லாத இரவுகளில், முழங்கால் தண்ணீரில் மூங்கில் நட்டு வலை கட்டுவாராம். பின்னாளில் பறவை ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது, அதே இருட்டில், அதே சேற்றில், அதே கைகளால் அவர்களுக்காகப் பிடித்துக் கொடுத்தார். இம்முறை பறவைகள் அடுப்புக்குப் போகாமல், எண்ணும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயரும் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் வாங்கிக்கொண்டு பறந்து போயின. பிடிக்கும் விதத்தை என் பேனாவை வாங்கிச் செய்து காட்டினார். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கழுத்து, உள்ளங்கையில் முதுகு, மற்ற விரல்கள் சிறகின்மேல் பட்டும் படாமலும். காய்த்துப்போன அந்தக் கையில் என் பேனா மூச்சு விடுவதுபோல் இருந்தது. “வித்த காலத்துல இந்தப் பக்குவமெல்லாம் வேண்டியிருக்கலீங்க” என்றார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர், சற்றுத் தயங்கி, “ருசி எப்படிங்க இருக்கும்?” என்றாரே பார்க்கலாம்!

நான் திகைத்துப் போனேன். “நீங்க தின்னதில்லையா?”

“ஒண்ணு தின்னா ஒரு காசு போச்சுங்களே. பிடிச்சது பூராவும் சந்தைக்குத்தான்.”

எவ்வளவு யோசித்தும், பாட்டியின் மிளகுதான் நாவில் நின்றதே தவிர, பறவை வரவில்லை. அதை அப்படியே சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்த சத்தத்தில் உள்ளான் கூட்டம் முழுவதும் விசுக்கென்று எழும்பி, ஒரே திருப்பில் வயிற்று வெள்ளையைக் காட்டிவிட்டு, அடுத்த பாத்தியில் இறங்கிற்று.

சிநேகிதர் பைனாகுலரை எடுக்காமலே எங்கள் பக்கம் திரும்பி, “உஸ்!” என்றார்.