கடைசி ரயிலுக்கு அனுப்பிவைக்கும் கடை

தோக்கியோவின் இரவு வாழ்க்கை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காபுகிச்சோவின் வண்ண விளக்குகள்தான். போருக்குப் பிறகு அங்கே கபுகி நாடக அரங்கம் ஒன்று கட்டத் திட்டமிட்டு, அதை நம்பிப் பெயரும் வைத்தார்கள். அரங்கம் வரவில்லை, பெயர் தங்கிவிட்டது. ஆனாலும் அந்தத் தெருக்களில் இன்றும் நாடகத்துக்குக் குறைவில்லை.

எட்டு ஆண்டுகளில் ஆறு முறை ஜப்பான் போய் வந்தவன் நான். அங்கே என் இரவுகள் பெரும்பாலும் 'சுனாக்கு' எனப்படும் சின்ன மதுக்கூடங்களில் கழியும். பத்துப் பேர் உட்கார்ந்தால் இடம் நிறைந்துவிடும். கடையை நடத்தும் பெண்மணியை எல்லோரும் 'மாமா' என்பார்கள். நம் காதுக்கு வேடிக்கைதான். அங்கே அதற்கு 'அம்மா' என்று பொருள். வாங்கிய விஸ்கிப் போத்தலில் நம் பெயரை எழுதி அலமாரியில் வைத்துவிடுவார்கள். மிச்சத்தை அடுத்த முறை குடிக்கலாம். பாட்டும் உண்டு. 1971ல் இனோவே தாய்சுக்கே உருவாக்கிய கரவோக்கே இயந்திரம் முதலில் பாடியதே கோபே நகர மதுக்கூடங்களில்தான்.

உண்மையில் அங்கே விற்பனையாவது மது அன்று, கேட்கும் காது. சென்ற முறை என் அரைகுறை ஜப்பானிய மொழியில் அப்பாவின் முழங்கால் அறுவை சிகிச்சை பற்றிச் சொல்லியிருந்தேன். அடுத்த ஆண்டு போனதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "அப்பா நடக்கிறாரா?" காசு கொடுத்துப் பெறும் அக்கறைதான். ஆனாலும் பொய்யில்லை.

இதே அக்கறையைத் தூண்டிலாக்கும் இடங்களும் உண்டு. 'ஹோஸ்ட் கிளப்'களில் இளைஞர்கள் பெண் வாடிக்கையாளர்களிடம் காதல் மொழி பேசி, விலையுயர்ந்த ஷாம்பேன் வாங்க வைப்பார்கள். கையில் பணமில்லையா? கடன் கிடைக்கும். அந்தக் கடனை அடைக்கப் பெண்கள் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டது பெரும் சர்ச்சையானது. 2025ல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது. காதல் உணர்வைச் சுரண்டிச் செலவு செய்ய வைப்பதும், கடனைக் காட்டி அத்தொழிலுக்குத் தள்ளுவதும் இப்போது தடைசெய்யப்பட்டுள்ளன.

நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நண்பர்கள் கேட்பார்கள். தெருவில் அழைப்பவர் பின்னால் போகாதீர்கள். காபுகிச்சோவில் ஒலிபெருக்கியே இதைச் சொல்கிறது. உட்காரும் முன் கட்டணத்தைக் கேளுங்கள். பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். பதினொன்றரை ஆனதும் மாமா பில்லை நீட்டி, "கடைசி ரயில் போய்விடும், கிளம்புங்கள்" என்பார். இன்னும் ஒரு குவளை விற்றிருக்கலாம். உங்களை வீட்டுக்கு அனுப்ப நினைக்கும் கடைதான் நல்ல கடை.

தனிமை ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை. என் இரவு நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்களில் சிலருக்குப் பாட்டு ஒரு சாக்குதான். பேச ஆள் வேண்டும். இப்போது ஒலிபரப்பு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். யார், எதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்று குறித்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் அவர்கள் அழைக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பேன்.