ஏரிச் சீட்டு எந்தப் பெட்டியில்?

அத்திப்பள்ளியில் பஸ் மாறி ஆனேக்கல் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. ஓசூர் கூப்பிடு தூரம் என்பதால் டீக்கடையில் தமிழ் செல்லுபடியாகும். ஊர்ப் பெயர், தன் பெயர் இரண்டும் வேண்டாம் என்று டீச்சர் முன்பே சொல்லிவிட்டார்.

ஏழாம் வகுப்பு. தரையில் நான்கு செருப்புப் பெட்டிகள்: பஞ்சாயத்து, பெஸ்காம் (மின்சாரம்), பி.எம்.டி.சி. (பஸ்), நாடகச்சேரி. கடைசிப் பெயரைக் கன்னடத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தேன். தமிழ்க் கண்ணுக்கு நாடகமும் கச்சேரியும் ஒன்றாய்த் தெரிகிறது. நாட கச்சேரி என்று பிரித்துப் படிக்க வேண்டும். சாதி, வருமானச் சான்றிதழ் கேட்டுப் போகிற வருவாய்த் துறை அலுவலகம்.

விளையாட்டின் பெயர் ‘யார ஹொணெ?’ யார் பொறுப்பு என்று அர்த்தம். வீட்டில் புலம்புகிற ஒரு விஷயத்தை எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். சீட்டெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டியவை. நான் எடுத்ததன் ஓரத்தில் மஞ்சள் கறை. முன்பக்கம் பாதிப் பிள்ளையார், பின்பக்கம் ‘தெருவிளக்கு எரியவில்லை’.

ஒரு பையன் அதை பெஸ்காம் பெட்டியில் போட்டான். “டேய், கரண்டு போனாத்தான் பெஸ்காம், 1912-க்கு அடிக்கணும். பல்பு போனா பஞ்சாயத்துடா!” என்று பக்கத்துப் பெண் தமிழில் அதட்டி எடுத்து மாற்றிப் போட்டாள். குடியரசுத் தலைவராக 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஒப்பித்து மார்க் வாங்கியவன் நான். தெருவிளக்குக்கு யாரிடம் போவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

2005-இன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு ‘குடிமையியல்’ என்ற பாடத்தையே குறை சொன்னது. வெள்ளைக்காரன் தன் ஆட்சிக்கு விசுவாசமான பிரஜைகளை உண்டாக்கப் பார்த்த காலத்துப் பாடம் என்பது அதன் வாதம். பாடத்தின் பெயர் மாறியது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? 2023-இல் கர்நாடக அமைச்சரவை, பள்ளிகளில் அரசியல் சாசன முகவுரையை வாசிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. இங்கே பிள்ளைகள் தடுமாறாமல் சொல்கிறார்கள். “மனப்பாடம் ஆயிடுச்சு. எனக்கு அதுதான் பயம்,” என்றார் டீச்சர்.

அடுத்து வந்தது ஒரு ஜெராக்ஸ். யாரோ ஒரு தாய் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வாங்கிய சகாலா ரசீது. பெயர் இருந்த இடத்தில் ஒயிட்னர். 2011-இன் சேவை உத்தரவாதச் சட்டத்தைத்தான் இங்கே சகாலா என்கிறார்கள். கெடு தாண்டினால் விண்ணப்பித்தவருக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500. டீச்சர் கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னார். 25 நாள் என்று விடை வந்ததுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “அதுக்கப்புறம் எவ்வளவு லேட் பண்ணாலும் ஃப்ரீயா மிஸ்?” சட்டம் எழுதியவர்கள் அந்த பெஞ்சில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

சுவரில் பிள்ளைகளே வரைந்த வரைபடம். ஆனேக்கல் தாலுகா இருப்பது பெங்களூரு நகர மாவட்டத்தில். ஓட்டுப் போடுவதோ பெங்களூரு ஊரக மக்களவைத் தொகுதியில். “அப்போ நாம சிட்டியா, கிராமமா?” என்று யாரோ கேட்டதாம். அந்தக் கேள்வியையே படத்துக்குத் தலைப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாச் சீட்டும் போய்ச் சேர்ந்தது, ஒன்றைத் தவிர: ‘ஏரித் தண்ணி நாறுது’. பஞ்சாயத்து என்றார்கள், சிறுபாசனத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்றும் சொன்னார்கள். பின்னவை இரண்டுக்கும் பெட்டியே இல்லை. டீச்சர் வாய் திறக்கவில்லை. அவருக்கும் விடை தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். வெளியே வந்ததும் கேட்டேன். “தெரியாது சார்,” என்றார் சாதாரணமாக.

கர்நாடகத்தில் பஞ்சாயத்துகள் ஆண்டுதோறும் மக்கள கிராம சபை கூட்டுகின்றன. மக்கள என்றால் கன்னடத்தில் பிள்ளைகளுடைய என்று பொருள். பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரியை நேரே நிறுத்திப் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம். ஏரிச் சீட்டை அதற்கென்று வருகைப் பதிவேட்டுக்குள் செருகி வைத்தார் டீச்சர். சாப்பாட்டு மணி அடித்தது. யார் அதைப் படிப்பது என்ற சண்டை தட்டு கழுவும் குழாயடி வரை போனது.