கோலும் சொல்லும்

ஆட்டத்தில் வெற்றி பெறுவது எளிது. பெற்ற வெற்றி நெஞ்சை உறுத்தாமல் இருப்பதே அரிது. இவ்வாண்டு இந்தப் பாடத்தை எங்களுக்குக் கற்பித்தது, ஒரு வீட்டுச் சுவரில் தொங்கிய பில்லியர்ட்ஸ் கோல். எங்கள் வகுப்பின் பெயரால் அந்தக் கதையை இம்மலரில் எழுதுகிறோம்.

சென்ற ஆகஸ்டு மாதம் வகுப்புகளுக்கிடையே நடந்த கேரம் இறுதிப் போட்டி பலருக்கும் நினைவிருக்கும். 'ஆ' பிரிவை நாங்கள் வென்றோம். கோப்பை எங்கள் வகுப்பறை அலமாரிக்கு வந்தது. ஆனால் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. கடைசி ஆட்டத்தில் எங்கள் ஆட்டக்காரியின் துப்பட்டா ஓரம் பலகையில் உரசி, வெள்ளைக் காய் ஒன்று குழியருகே நகர்ந்துவிட்டது. நடுவர் அப்போது புள்ளிகளை எழுதிக்கொண்டிருந்தார். எதிரணித் தோழியரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற நாங்கள் ஆறேழு பேர் கண்டோம், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், வாய் திறக்கவில்லை. ஆடியவளும் திறக்கவில்லை. அடுத்த அடியில் அந்தக் காய் குழியில் விழுந்தது. நாங்கள் கைதட்டினோம்.

காலாண்டு விடுமுறையில் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவளுடைய தாத்தா நீலகிரியில் ஒரு பழைய கிளப்பில் நாற்பது ஆண்டுகள் 'மார்க்கர்' வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பில்லியர்ட்ஸ் அறையில் புள்ளிகளைக் குறிப்பவரே மார்க்கர். மேசையின் பச்சைத் துணியைத் துலக்குவதும், கோல்களுக்குத் தோல் முனை ஒட்டித் தேய்த்துக் கொடுப்பதும், துணையின்றி வந்த உறுப்பினருடன் தாமே ஆடிக் கொடுப்பதும் அவர் பொறுப்பே. கோலை அவர் 'கியூ' என்றுதான் சொல்கிறார்.

"சினிமாவில் வில்லன் ஆடுவாரே, அந்த ஆட்டம்தானே தாத்தா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டுவிட்டாள். தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

ஸ்னூக்கர் என்னும் ஆட்டம் பிறந்ததே நம் நாட்டில்தான். 1875-இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, அப்போதிருந்த ஆட்டங்களைக் கலந்து இதை உண்டாக்கினாராம். (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரானவர் வேறொரு சேம்பர்லின்.) அதன் விதிகள் 1882 அளவில் உதகமண்டலம் கிளப்பில் வகுக்கப்பட்டன. மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். துணிக்கு அடியில் கற்பலகை. சிவப்புப் பந்துகள் 15, பிற வண்ணப் பந்துகள் 6, அடிக்கும் வெள்ளைப் பந்து 1. சிவப்புக்கு ஒரு புள்ளி; கறுப்புக்கு ஏழு. தவறு செய்தால் எதிராளிக்குக் குறைந்தது நான்கு புள்ளிகள் போய்விடும். ஆடுபவரின் கோலோ, கையோ, சட்டையோ தவறுதலாக ஒரு பந்தைத் தொட்டாலும் அது தவறுதான்.

"நூறு புள்ளி எடுக்கிறவனைவிட, 'என் சட்டைக் கை பட்டுடுச்சு'ன்னு தானாச் சொல்லிட்டுப் போய் உட்கார்றவனைத்தான் நாங்க பெரிய ஆட்டக்காரன்னு சொல்வோம் கண்ணு. மார்க்கர் கண்ணுக்கு எல்லாமும் தெரியாது. பட்டது பட்டவனுக்குத்தானே தெரியும்?" என்றார் தாத்தா.

எங்களில் யாரும் பதில் பேசவில்லை. எங்கள் ஆட்டக்காரி தன் துப்பட்டா ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுவரில் தொங்கிய கோலைக் கண்டோம். ஆஷ் என்னும் மேலைநாட்டு மரத்தில் செய்தது. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான நீளம். 1983-இல் தோட்ட அதிகாரி ஒருவர் வெளிநாடு செல்லும்போது, "மழைக்காலம் முடிந்ததும் வந்துவிடுவேன், பத்திரமாக வைத்திரு" என்று தாத்தாவிடம் கொடுத்துச் சென்றாராம். அவர் திரும்பவேயில்லை. கடிதமும் இல்லை. ஈரம் பட்டால் மரம் வளைந்துவிடும் என்பதால், தாத்தா இன்றும் வாரம் ஒருமுறை அதை உலர்ந்த துணியால் துடைத்து நேராகத் தொங்கவிடுகிறார்.

சில ஆண்டுகள் கழித்து, பழைய கோல்களைச் சேகரிக்கும் ஒருவர் அதைக் கண்டு விலை கேட்டார். அவர் சொன்ன தொகை தாத்தாவின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். அந்த நேரத்தில் பாட்டி மருத்துவமனையில் இருந்தார், கையில் காசில்லை. "கொடுத்துவிட்டால்தான் என்ன, அவர் வரவா போகிறார்?" என்று உறவினர் எல்லாரும் சொன்னார்கள். தாத்தா சொன்ன பதில் இதுதான்: "விற்கிறதுக்கு அது என்னுது இல்லையே." வட்டிக்குக் கடன் வாங்கி மருத்துவச் செலவைச் சமாளித்தார். அந்தக் கடனை அடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்தச் சேகரிப்பாளர் கோபித்துக்கொள்ளவில்லை. மறு மாதமே தம்மிடம் இருந்த பதினொரு கோல்களையும் முனை மாற்றத் தாத்தாவிடம் கொண்டுவந்து வைத்தார். "ரசீது வேண்டுமா ஐயா?" என்று தாத்தா கேட்டதற்கு, "உங்களிடமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

ஒரு கோலுக்கு இத்தனை மதிப்பா என்று வியந்து, நாங்கள் பின்னர் தேடிப் படித்தோம். ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் ஸ்டீபன் ஹென்ட்ரி, சிறுவயதில் வாங்கிய விலை மலிவான ஒரு கோலைக் கொண்டே 1990 முதல் 1999 வரை ஏழு முறை ஸ்னூக்கர் உலகப் பட்டம் வென்றார். 2003-இல் விமானப் பயணத்தின்போது அது முறிந்துபோயிற்று. அமெரிக்காவில் புரூக்ளினில் வாழ்ந்த ஜார்ஜ் பலபுஷ்கா என்பவர் 1959 முதல் 1975-இல் இறக்கும்வரை 'பூல்' ஆட்டத்திற்கான கோல்கள் செய்தார். இன்று அவற்றைச் சேகரிப்போர் பெரும் விலை கொடுத்து வாங்குகின்றனர். ஆனால் தொடக்கத்தில் செய்த பல கோல்களில் அவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. ஆகவே போலிகளும் உண்டு. 1986-இல் வெளிவந்த 'தி கலர் ஆஃப் மணி' என்ற திரைப்படத்தில் பலபுஷ்கா கோல் என்று காட்டப்பட்டதுகூட, உண்மையில் வேறொருவர் அதைப் போலச் செய்ததே! மரத்தையும் வேலைப்பாட்டையும் பார்த்துத் தேர்ந்தவர்கள் ஓரளவு சொல்லலாம். ஆயினும், கோல் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்கு, கடைசியில் விற்பவரின் சொல்லையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் பொய்யானால் கோல் வெறும் மரந்தான்.

எங்கள் அலமாரியில் இருந்த கோப்பையும் எங்களுக்கு வெறும் தகரமாகத் தோன்றத் தொடங்கியது.

பள்ளி திறந்த அன்று, கண்டும் பேசாதிருந்த நாங்கள் அத்தனை பேரும் வகுப்பாசிரியை சிஸ்டரிடம் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என்னிடம் சொல்வது எளிது. 'ஆ' பிரிவில் போய்ச் சொல்லுங்கள்" என்றார்.

கோப்பையை எடுத்துக்கொண்டு அந்த நீண்ட தாழ்வாரத்தில் நடந்தது இன்னும் மறக்கவில்லை. 'ஆ' பிரிவுத் தோழியர் எங்களைப் பாராட்டிவிடவில்லை. தோற்றுப்போன அன்று இரவு முழுவதும் அழுததாக ஒருத்தி சொன்னாள். ஒரு வாரம் எவரும் எங்களுடன் பேசவில்லை. அது எங்களுக்கு வேண்டியதுதான். பின்னர் அவர்களே மறு ஆட்டத்திற்கு அழைத்தனர்.

அந்த ஆட்டத்தின் நடுவில் அவர்களுடைய ஆட்டக்காரி திடீரெனக் கையை உயர்த்தி, "என் விரல் காயில் பட்டுவிட்டது" என்றாள். நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. ஆறு புள்ளிகள் வித்தியாசத்தில் நாங்கள் தோற்றோம். இப்போது கோப்பை 'ஆ' பிரிவு அலமாரியில் இருக்கிறது.

தாத்தாவிடம் சென்று அனைத்தையும் சொன்னோம். யார் வென்றார்கள் என்று அவர் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணு தானாவே சொல்லிச்சா?" என்று மட்டும் இருமுறை கேட்டார். பிறகு எழுந்து, அன்று துடைக்கும் நாள் என்பதால், துணியை எடுத்துக்கொண்டு சுவரருகே சென்றார்.

அன்புத் தோழியரே! நடுவரின் கண் படாத இடங்கள் ஆட்டத்திலும் உண்டு, வாழ்விலும் உண்டு. அங்கே நம் சொல்லை நாமே காப்போம்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர்